கடைசி வாங்கும் புதிய தொழில்நுட்பமும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியில் தொழில்நுட்பமும் புத்தாக்கமும் என்ற தலைப்பைச் சங்கம் தந்தபோது, நான் ஒரு வைத்தியர், கணினி பற்றி என்னைவிட நன்கு தெரிந்த தங்கைமார் பலர் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடலாம் என்று செயற்குழு யோசிக்கும் காலம் இது. திறன் பலகையுடன் கூடிய வகுப்பறை என்ற யோசனையே முன்னிற்கிறது என்று அறிகிறேன். ஆகவே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: நாம் முதலில் செய்யவேண்டியது அதுவல்ல.

புத்தாக்கம் என்றவுடன் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும் பொருளே பலருக்கு நினைவுக்கு வருகிறது. என் வயதுக்காரிகளுக்கு அப்படி வராது. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் யானை விலை விற்றது. அந்த ஆண்டுகளில் எங்கள் பாடப் புத்தகங்களுக்கு வெளிச்சம் தந்தது ஜாம் போத்தல் விளக்கு. ஒரு ஜாம் போத்தல், அடியில் சிறிது பஞ்சு, கொஞ்ச எண்ணெய், ஒரு நூல் திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நின்றதால் காற்றுக்கு அணையாது. எண்ணெயும் மிகக் குறைவாகவே செலவாகும். பற்றரி கிடைக்காத வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். இவற்றை முதலில் செய்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது.

ஆனால் குப்பி விளக்குகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நீண்ட போத்தல்களில் செய்த விளக்குகள் சரிந்து எண்ணெய் கொட்டி, எரிகாயத்துடன் வரும் நோயாளரைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. குட்டையான, பாரமான, இலகுவில் சரியாத, சரிந்தாலும் உருளாத ஒரு கண்ணாடி விளக்கை அவர் வடிவமைத்தார். மார்மைற் போத்தலின் உருவமே அவருக்கு வழிகாட்டியது. மூடி திருகாணி மூடியாக இருந்ததால் எண்ணெய் சிந்தாது. 'சுதீப' என்ற அந்த விளக்குக்கு 1998 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பெயர் தெரியாத நம் ஊரவரும் அந்த வைத்தியரும் தொடங்கிய இடம் ஒன்றுதான். இந்த வீட்டில் என்ன இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தே தொடங்கினார்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்தக் கேள்வியை யாரும் கேட்க நேரம் இருக்கவில்லை. பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் போயின. அப்போது நாட்டில் நூறு வீடுகளில் ஏறத்தாழ 22 வீடுகளில்தான் கணினி இருந்தது. கைத்தொலைபேசி பல வீடுகளில் ஒன்றே ஒன்று. அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டு போவது. மூன்று பிள்ளைகள் இருந்தால் மூவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. போகிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் சிக்னல் தேடிக் காட்டு வழியே பாறைக்கு ஏறியது 2021 இல் உலகச் செய்தியானது. உலகம் வியந்தது. எனக்கு வியப்பதற்கு மனம் வரவில்லை. மறு ஆண்டு பொருளாதார நெருக்கடியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி அல்ல. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. நல்ல ரியூசனுக்குப் பணமில்லாத பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் பொருளை வாங்கிக் கொடுத்து, படம் எடுத்து, நாடாவை வெட்டிவிட்டுப் போகிறவர்கள் அதைப் பராமரிக்க ஒரு சதமும் ஒதுக்குவதில்லை. உறை போட்டு மூடிய திறன் பலகைகளை நான் சில பாடசாலைகளில் பார்த்திருக்கிறேன். உறையில் தூசி.

அந்தப் பலகையைக் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியுமா? கிட்டப்பார்வை பெரும்பாலும் பாடசாலை வயதில்தான் தொடங்கி, வளரும் பருவத்தில் கூடிக்கொண்டே போகும். தரம் 1 இல் நன்றாகப் பார்த்த பிள்ளைக்குத் தரம் 7 இல் பலகை மங்கலாகத் தெரியலாம். பிள்ளை முறையிடாது. எல்லோருக்கும் இப்படித்தான் தெரிகிறதென்று நினைத்துக்கொண்டிருக்கும். கண்ணைச் சுருக்கும், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும். கவனமில்லாதவள், மொக்கு என்று பெயர் வாங்கும். இதைக் கண்டுபிடிக்கும் கருவியை ஒல்லாந்து நாட்டு ஸ்னெலன் என்ற கண் வைத்தியர் 1862 இல் தந்துவிட்டார். 6 மீற்றர் தூரத்தில் தொங்கவிடும் எழுத்து அட்டை, அவ்வளவுதான்.

தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. குறை கண்டு துண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தத் துண்டு புத்தகப் பையிலேயே கிடந்து கிழிகிறது. பணம் ஒரு காரணம். இன்னொன்றை இந்தச் சபையில் மறைக்கத் தேவையில்லை. பெண் பிள்ளைக்கு இப்பவே கண்ணாடி போட்டால் பிறகு கலியாணம் பேசும்போது கரைச்சல் என்று என்னிடமே தாய்மார் சொல்லியிருக்கிறார்கள். நானும் கண்ணாடி போட்டவள்தான். இந்த மேடையில் எத்தனை கண்ணாடிகள் என்று பாருங்கள்!

ஆகையால் செயற்குழுவிடம் என் வேண்டுகோள் இது. இந்த ஆண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் சோதனை செய்வோம், இரு சோதனைகளுக்கு இடையில் விடுபடும் தரங்களையும் சேர்த்து. கண்ணாடிச் செலவை நூற்றாண்டு நிதி ஏற்கட்டும். எந்த வீட்டில் தொலைபேசி இருக்கிறது, பின்னேரத்தில் அது யார் கையில் இருக்கிறது என்று வகுப்பாசிரியைகள் மூலம் கேட்டு எழுதுவோம். இல்லாதவர்களுக்காகக் கணினி அறையைப் பாடசாலை விட்ட பின் இரண்டு மணித்தியாலம் திறந்து வைக்கலாம். அங்கே நிற்பவருக்கும் பழுது திருத்துவதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். திறன் பலகையை அதன் பிறகு பேசலாம். கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து அனுப்பும் தோழிகளுக்குப் படம் பிடித்து அனுப்ப இதில் பெரிதாக ஒன்றும் இராது. அவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

கண் சோதனைக்குத் தரம் 6 இலிருந்து தொடங்கலாம். செயலாளர் ஒரு திகதி சொன்னால் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவேன். அட்டையை நானே கொண்டு வருகிறேன். 6 மீற்றர் நீளமான விறாந்தை ஒன்று மட்டும் வேண்டும், அது நம் பாடசாலையில் தாராளமாக இருக்கிறது.