காலையில் முகம் கழுவுதல்

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது செய்த பிழை ஒன்றைச் சொல்லுகிறேன். முகப்பரு மிகுந்த மாணவன் ஒருவனை, "காலையில் சோப்பிட்டு முகம் கழுவும் வழக்கமில்லையோ?" என்று வகுப்பில் யாவரும் கேட்கக் கடிந்தேன். மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வருமுன் மும்முறை அழுத்தித் தேய்க்கலானான். பருக்கள் சிவந்து சினந்தனவேயன்றிக் குறையவில்லை.

பரு அழுக்கினால் வருவதன்று. வளரும் பருவத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்க, மயிர்த்துளைகள் அடைபடுவதால் வருவது. அமில காரக் குறியீட்டில் 7 நடுநிலை என்று படித்திருப்பீர்கள். தோலின் மேற்புறம் 5-ஐ ஒட்டியது. சாதாரணச் சோப்போ 9, 10. ஓயாமல் தேய்த்தால் தோல் வறண்டு எரியாமல் என்ன செய்யும்? காரம் குறைந்த சோப்பை விரல் நுனியால் ஒருமுறை தடவிக் கழுவித் துண்டால் ஒற்றியெடுங்கள். பரு மிகுந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

அம்மாணவன் அவ்வாண்டு முழுவதும் கடைசி வரிசையிலேயே அமர்ந்திருந்தான்.