எல்லையை யார் போடுவது?



விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று வாசித்தவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர், ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதக் கணக்கு அது. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்குச் சோறும் கூரையும் தர வேண்டியிருந்தது. பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி போனது. வரவுக்கு மேல் செலவு கூடாது என்று ஓர் அரசியலமைப்புச் சட்டம் அன்று தடுத்திருந்தால், அந்த அகதிகளுக்கு என்ன பதில் சொல்லியிருப்போம்?

அமெரிக்காவில் அப்படியொரு திருத்தம் 1997-இல் செனட் சபையில் ஒரே வாக்குக் குறைவால் தோற்றது. ஜெர்மனி 2009-இல் கடன் வரம்பை அரசியலமைப்பிலேயே எழுதி, 2025-இல் பாதுகாப்புச் செலவுக்காக அதைத் தளர்த்தியது.

நம் அரசியலமைப்பு எந்த எண்ணையும் எழுதவில்லை. மத்திய அரசின் கடனுக்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டு எல்லை வகுக்கலாம் என்கிறது 292-ஆம் பிரிவு. நாடாளுமன்றம் அதைச் செய்யும் என்று அம்பேத்கர் நம்பினார். அரசியலமைப்பை வகுத்த அவையில் நம் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையம் சி. சுப்பிரமணியமும் இருந்தார், பின்னாளில் நாட்டின் நிதி அமைச்சரானார். ஆனால் அப்படி எல்லை வகுக்கும் நிதிப் பொறுப்புச் சட்டம் மத்தியில் 2003-இல்தான் வந்தது. அதே ஆண்டில் தமிழ்நாடும் தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது.

மத்தியச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது, வருவாய்ப் பற்றாக்குறையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்ற இலக்கு. போர் போடவும் சொட்டுநீர்க் குழாய் பதிக்கவும் கடன் வாங்கும் விவசாயியை ஊரில் யாரும் குறை சொல்வதில்லை. மாதாமாதம் மளிகைக்கே கடன் வாங்கினால்தான் உறவுக்காரர்கள் கவலைப்படுவார்கள். அந்த மளிகைக் கடன்தான் வருவாய்ப் பற்றாக்குறை. ஆழியாறு அணையின் தண்ணீர் மூன்று தலைமுறைக்குப் பாய்கிறது. அதன் செலவை ஒரே ஆண்டு வரியில் அடைத்திருக்க வேண்டும் என்பது நியாயமல்ல. அன்றாடச் செலவுக்கு வாங்கிய கடனோ, அதில் ஒரு பயனும் காணாத உங்கள் பிள்ளைகள் தலையில் விழும்.

2018-இல் திருத்தம் கொண்டுவந்தபோது அந்த இலக்கையே நீக்கிவிட்டார்கள். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. அதே திருத்தம் போர், இயற்கைப் பேரிடர், விளைச்சலையும் வருமானத்தையும் குலைக்கும் வேளாண் வீழ்ச்சி போன்றவற்றுக்கு விலக்கு தந்தது. வெள்ளை ஈயும் வேர்வாடலும் தென்னந்தோப்புகளை என்ன செய்யும் என்று பார்த்த நமக்கு அந்த விலக்கின் அருமை தெரியும்.

எல்லை இறுகினால் கணக்கு வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும் என்பதையும் பார்த்துவிட்டோம். உணவு மானியத்தின் ஒரு பகுதியை இந்திய உணவுக் கழகத்தின் பெயரில் கடனாக வாங்கி, பட்ஜெட்டுக்கு வெளியே பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். தணிக்கைத் துறை அதைச் சுட்டிக்காட்டியது. பெருந்தொற்று ஆண்டான 2020-21-இல் அந்தக் கடனை பட்ஜெட்டுக்குள் கொண்டுவந்தபோது, நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9.2 சதவீதம் ஆனது. அரசியலமைப்பில் ஓர் எண்ணைப் பூட்டிவைத்தாலும் இதே மறைப்புதான் நடக்கும். எல்லை நாடாளுமன்றத்திடமே இருக்கட்டும். வருவாய்ப் பற்றாக்குறை இலக்கு மட்டும் சட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் வங்கிக்கும் தணிக்கைக்கும் போவீர்கள், பலர் தோப்புக்கும் மில்லுக்கும் திரும்புவீர்கள். எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த பட்ஜெட் நாளில், வரிச் சலுகைக்கு முன்னால் வருவாய்ப் பற்றாக்குறை எவ்வளவு என்று பாருங்கள். தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அதைக் குறைக்க என்ன செய்வார் என்று கேளுங்கள்.