ஆற்றில் இட்டதும் குளத்தில் எடுத்ததும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் விருத்தாசலத்தை இன்று பலர் பீங்கான் நகர் என்றே அறிவர். ஆயினும் இவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் தமிழ் பயின்றோர் நெஞ்சில் எழும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சுந்தரர் இத்தலத்தில் 12,000 பொன் பெற்றார் என்றும், அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்றும் பெரியபுராணத்து ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணம் கூறுகின்றது. ‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது’ என்னும் பழமொழியும் இதனோடு சேர்த்தே வழங்குகின்றது.

பழமொழியை நினைவிற் கொண்டோர் சேக்கிழார் கூறும் மற்றொரு செய்தியை மறந்துவிடுவதுண்டு. பொன்னை ஆற்றில் இடுமுன் சுந்தரர் அதிலிருந்து மச்சம் வெட்டித் தம்மிடம் வைத்துக்கொள்கின்றார். மச்சம் என்பது மாதிரித் துண்டு. குளத்தில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்க்கையில் மாற்றுக் குறைந்திருக்கின்றது. அவர் மீண்டும் பாடுகின்றார்; மாற்று நிறைகின்றது; அதன் பின்னரே பொன் இல்லம் சேர்கின்றது. ஓரிடத்தில் இட்டதை வேறோரிடத்தில் பெறுபவர் செய்ய வேண்டிய கடமை இங்கே விளக்கமாகப் பேசப்படுகின்றது. ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பினை அனுப்பும் முறையும் இக்கடமையின் மேலேயே நிற்கின்றது.

இணையம் வீடுதோறும் வருவதற்கு முன், அருகருகே இருந்த இரு கணிப்பொறிகளை ‘சீரியல் கேபிள்’ என்னும் கம்பிவடத்தால் இணைத்துக் கோப்புகளை மாற்றிக்கொள்வது வழக்கம். அதற்கு அடிப்படையான ‘ஆர்.எஸ். 232’ என்னும் தரம் அமெரிக்காவில் 1960-இல் வகுக்கப்பட்டது. ஒவ்வோர் எழுத்துக் குறியும் எட்டுப் பிட்டுகளாகப் பிரிந்து, எறும்புச் சாரிபோல் ஒற்றைக் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். தொடக்கத்தை அறிவிக்க ஒரு பிட், முடிவை அறிவிக்க ஒரு பிட் எனக் குறி ஒன்றுக்குப் பத்தாகும். நொடிக்கு 9,600 பிட் என்னும் வேகத்தில் 960 குறிகள் செல்லும். 1.44 மெகாபைட் கொள்ளும் நெகிழ்வட்டு ஒன்றின் முழுச்செய்தியும் போய்ச் சேர ஏறத்தாழ 26 நிமிடம் ஆகும்.

அவ்வடத்தின் அமைப்பு எளியது. ஒன்பது முனைகள் கொண்ட செருகியில் மூன்றாம் முனை பேசும்; இரண்டாம் முனை கேட்கும்; ஐந்தாவது இரண்டிற்கும் பொதுவானது. ஒரு பொறியின் மூன்றாம் முனையை மறுபொறியின் இரண்டாம் முனையோடு குறுக்காக இணைத்தல் வேண்டும். நேராக இணைத்தால் வாயோடு வாயும் செவியோடு செவியும் சேர்ந்து, ஒன்று சொல்வது மற்றொன்றுக்கு எட்டாது. 1993-இல் வந்த எம்.எஸ்.டாஸ் 6.0 மென்பொருளில், இவ்வடத்தின் வழியே இரு பொறிகளை இணைப்பதற்கான நிரல் உடன் இணைத்தே வழங்கப்பட்டது.

வடம் செம்மையாக இருப்பினும், மின் இரைச்சலால் வழியில் ஒரு குறி சிதையக்கூடும். இதற்குத் தீர்வாக 1977-இல் சிகாகோவைச் சேர்ந்த வார்டு கிறிஸ்டென்சன் ‘எக்ஸ்மோடம்’ என்னும் நெறியை வகுத்தார். கோப்பு 128 குறிகள் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டின் இறுதியிலும் அதிலுள்ள குறிகளின் எண்மதிப்பைக் கூட்டி, 256 ஆல் வகுத்து வந்த மீதி சேர்த்து அனுப்பப்படும். பெறும் பொறி தானும் கூட்டிப் பார்க்கும். தொகை ஒத்தால் ‘பெற்றேன்’ என விடை தரும். ஒவ்வாவிடில் ‘பெற்றிலேன்’ என்னும். அதே துண்டு மீண்டும் வரும். விடை கிட்டும்வரை அடுத்த துண்டு புறப்படுவதில்லை. சுந்தரர் கையிலிருந்த மச்சத்தின் வேலையை இங்கே அச்சிறு எண் செய்கின்றது.

அவ்வெண்ணும் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பதில்லை. ‘கதவு’ என்பது ‘தகவு’ என மாறி வந்தாலும் கூட்டுத்தொகை ஒன்றே. எனவே, குறி நின்ற இடத்தையும் கணக்கிற் கொள்ளும் கடுமையான சோதனை பின்னர்ச் சேர்க்கப்பட்டது. சொற்கள் நிற்கும் வரிசையே பொருளைத் தீர்மானிக்கும் என்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழுக்கோ தனியான ஓர் இடர் இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு ஏழு பிட்டே போதுமாதலால், அன்றைய தொடர்புவழிகள் பல ஏழு பிட்டை மட்டுமே கொண்டுசென்றன. ‘திஸ்கி’ போன்ற குறியேற்றங்களில் தமிழ் எழுத்துகள் எட்டாம் பிட் இருந்தாலன்றி விளங்காத மேற்பாதியில் அமைந்தவை. எட்டாம் பிட் உதிர்ந்தால், ‘தமிழ்’ என்னும் சொல்லே ஒரு கணிதக் குறி, ஆங்கில ‘ஏ’, ஒரு மேற்கோட்குறி, ஆங்கில ‘இசட்’ என்றாகி நிற்கும். 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான ‘கெர்மிட்’ என்னும் நெறி, அத்தகைய குறியின்முன் ஓர் அடையாளத்தை இட்டு, ஏழு பிட் வழியிலும் அதனை இழப்பின்றிக் கொண்டு சேர்த்தது.

இவ்விழப்பு தமிழர்க்குப் புதியதன்று. மெய்யும் எகர ஒகரமும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. எழுத்தாணியால் ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரிதும் விட்டுவிட்டனர். குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்பதை உய்த்துணரும் பொறுப்பு படிப்பவரைச் சேர்ந்தது. படியெடுக்குந்தோறும் ஐயம் பெருகிற்று. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது, பல சுவடிகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டமை அதனாலன்றோ? அவ்வொப்பீடும் ஒரு மாற்றுரைத்தலே.

பொறி செய்யும் சோதனை அனைத்திலும் தேறிய கோப்பும் படிக்க இயலாமற் போகலாம். 1990-களில் எழுத்துரு செய்தோர் பலர் தத்தமக்கென ஓர் எழுத்தடுக்கு வைத்திருந்தனர். அவ்வெழுத்துரு இன்னதென்று அறியாதவர்க்கு, ஒரு பிட்டும் பழுதாகாமல் வந்த கவிதையும் வெறும் கோடுகளே. சென்னையில் 1999-இல் நடைபெற்ற தமிழிணையம் மாநாட்டை அடுத்து, ‘தாம்’, ‘தாப்’ என்னும் குறியேற்றங்களைத் தமிழக அரசு ஏற்றது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தட்டெழுதுவோர் ஒருபுறமும் மெய்ப்புப் பார்ப்போர் ஒருபுறமுமாக அன்பர்கள் உழைத்தமை இங்கே நினைக்கத்தக்கது. எழுத்து சேர்ந்ததைப் பொறி சொல்லும். பாட்டுச் சேர்ந்ததை மனிதக் கண்ணே சொல்ல வேண்டும்.

இம்மன்றம் பத்தாண்டு நிறைவு காண்கின்றது. மூத்த கவிஞர்கள் பலரின் தொடக்ககாலப் படைப்புகளோ இதற்கும் முந்தியவை. அவற்றுட் சில இன்னும் பழைய வட்டுகளிலும், இயக்குவாரற்ற பழைய கணிப்பொறிகளிலும் உறங்கக்கூடும். வட்டின் காந்தப்பூச்சு காலத்தால் நலிவது. சோனி நிறுவனம் 2011-இல் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்தியது. ஆயினும் வழி அடைபடவில்லை. இணையம் அறியாத பழம்பொறிக்கும் தொடர்நிலை வாயில் உண்டு. புதிய பொறியின் யு.எஸ்.பி. வாயிலை அதனோடு பொருத்தும் இணைப்பிகளும், பழைய எழுத்துருவை ஒருங்குறியாக்கும் நிரல்களும் கிடைக்கின்றன.

அப்பணியை மேற்கொள்வோர் மூன்றனைக் கைக்கொள்ளுதல் நலம். மாற்றிய வடிவத்தோடு மூலக்கோப்பையும் திருத்தாமல் வைத்திருத்தல் ஒன்று. எழுத்துருவின் பெயரையும் ஆண்டினையும் உடன் எழுதிவைத்தல் மற்றொன்று. பழைய அச்சுப்படியை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, புதிய படியை மற்றொருவர் வரிவரியாக ஒத்துப் பார்த்தல் மூன்றாவது. எழுதிய கவிஞர் உடனிருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். ஐயம் எழுந்த இடத்தில் ‘கதவா, தகவா’ என்று கேட்டால் விடை சொல்ல வல்லவர் அவர் ஒருவரே.