ஆதிரெங்கத்து நெல்வயலும் முதியோர் கல்வியும்



பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டினைக் கபிலர், ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவிக்கும் பொருட்டுப் பாடினார் என்பது மரபு. 261 அடிகளைக் கொண்ட அப்பாட்டின் நடுவே, தலைவியும் தோழியும் கொய்து குவித்த 99 மலர்களின் பெயர்கள் அடுக்கி வருகின்றன. கற்பவன் சிறுவன் அல்லன்; நாடாளும் அரசன். ஆசிரியரோ அவனுக்கு இலக்கணச் சூத்திரத்தைக் கையில் கொடுக்கவில்லை. மலைச்சாரலுக்கு அழைத்துச் சென்று பூக்களைப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். செடிகொடிகளின் நடுவே முதியோர் ஒருவருக்குக் கல்வி புகட்டிய முயற்சிக்கு நம் இலக்கியத்தில் இதனினும் பழைய சான்று தேட வேண்டுவதில்லை.

இப்பாட்டிற்குப் பிற்காலத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியும் எண்ணத்தக்கது. 1855-இல் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய உ.வே. சாமிநாதையர், பத்துப்பாட்டை 1889-இல் பதிப்பித்தார். அவருக்கு முதலில் கிடைத்த ஏடுகளில் மலர்களின் வரிசையில் சில பெயர்கள் சிதைந்து போயிருந்தன. அவை மயிலாடுதுறையை அடுத்த தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் கிடைத்தன. உதிர்ந்த மலர்களைத் தேடிய அந்த அலைச்சலை ஐயரவர்களே பின்னாளில் எழுதியுள்ளார். மலைநாட்டுப் பூக்களின் பெயரைக் காவிரிச் சமவெளியின் மடம் ஒன்று காத்து வைத்திருந்தது என்பது நமக்குப் பெருமை தருவதே.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. பெயரை ஏடு காக்கும். பெயருக்கு உரிய பயிரை எது காக்கும்?

தோட்டமும் கல்வியும்

ஐரோப்பாவில் தாவரவியல் தோட்டங்கள் கல்விக்கென்றே தோன்றியவை. இத்தாலியின் பதுவா நகரில் 1545-இல் அமைந்த தோட்டம், மருத்துவம் பயில்வோர் மூலிகைகளை ஐயமற அடையாளம் காண்பதற்காக ஏற்பட்டது. இந்நாளில் உலகின் பெருந்தோட்டங்கள் பலவற்றில், பணியிலிருப்போரும் ஓய்வு பெற்றோரும் விடுமுறை நாள்களில் சென்று பயிலும் வகுப்புகள் நடைபெறுகின்றன.

தஞ்சைத் தரணி இத்தகைய மரபை அறியாதது அன்று. 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த கோனிக் என்பார், வகைப்பாட்டியலின் தந்தை எனப்படும் லின்னேயசின் மாணவர். இக்கடற்கரையின் செடிகளை ஐரோப்பிய அறிவுலகிற்கு அறிமுகம் செய்தவர்களுள் அவர் முன்னோடி. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோசி மன்னர், தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நிறுவி, மூலிகைத் தோட்டம் வளர்த்து, மூலிகைகளை வண்ண ஓவியங்களாகவும் எழுதச் செய்தார். தோட்டம் காலத்தில் மறைந்தது; தாள் எஞ்சியது. இங்கும் முன்னைய வினாவே மீண்டும் எழுகிறது.

நெல்லுக்கு ஒரு தோட்டம்

இவ்வினாவிற்குத் திருவாரூர் மாவட்டத்துத் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ஒரு விடை உருவாயிற்று. 2003-ஆம் ஆண்டில் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடைப்பயணம் மேற்கொண்டார். அவர் திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காட்டில் 1938-இல் பிறந்தவர். வேளாண்மைப் பட்டம் பெற்றுக் கோவில்பட்டி ஆய்வுப் பண்ணையில் பணியாற்றி, அப்பணியைத் துறந்தவர். அந்நடைப்பயணத்தில் உடன் சென்றவர்களுள் ஒருவர் ஜெயராமன். வழிநெடுக உழவர்கள் தம் வீட்டுக் குதிரில் எஞ்சியிருந்த பழைய நெல் வகைகளைக் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்தனர். அன்று கையேந்திப் பெற்ற சில வகைகளே தொடக்கம். பின்னர் அவர் ஊர் ஊராகச் சென்று திரட்டியவை ஏறத்தாழ 170 வகைகள். 'நெல்' என்பது அவர் பெயரின் முன்னொட்டாகவே ஆயிற்று. ஐயரவர்கள் ஏடு தேடி நடந்தார். இவர் விதை தேடி நடந்தார்.

ஆனால் ஏட்டிற்கும் விதைக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. பனையோலை நூறாண்டு பொறுத்திருக்கும். நெல் விதையோ, நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும், ஓரிரு ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழந்துவிடும். பிலிப்பைன்சு நாட்டில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் குளிர்ப்பெட்டகத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் உறைநிலையில் காக்கப்பட்டு வருகின்றன. அது இன்றியமையாத பணியே. எனினும் குளிர்ப்பெட்டகத்தில் உறங்கும் விதை புதிய மழையை அறியாது; அதனை விதைக்கும் முறையும், அறுக்கும் பருவமும், ஆக்கும் பக்குவமும் பெட்டகத்தில் இடம்பெறுவதில்லை. வயலில் காக்க வேண்டுமாயின் ஆண்டுதோறும் விதைத்தே ஆக வேண்டும். 170 வகைகளை ஒருவர் தனித்து விதைத்துக் காத்தல் அரிது. ஆகவே, காப்பவர்களை உருவாக்குவதே விதையைக் காக்கும் வழியாயிற்று. விதைப் பாதுகாப்பு என்பது கல்விப் பணியாக மாறிய இடம் இதுவே.

ஆதிரெங்கத்தில் 2006 முதல் கோடைதோறும் நெல் திருவிழா நடைபெறலாயிற்று. வரும் உழவர்க்கு 2 கிலோ விதைநெல் விலையின்றி வழங்கப்பெறும். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். 2 கிலோ என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். ஒற்றை நாற்று முறையில் நட்டால் ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கு அது போதுமானது. திருப்பித் தரும் 4 கிலோ மேலும் இருவர்க்குச் செல்லும். தேர்வும் சான்றிதழும் இல்லாத இக்கல்வியில், திருப்பித் தரும் விதையே தேர்ச்சிக்குச் சான்று. கலப்பின்றி விளைவித்தவரே நல்ல விதையைத் திருப்பித் தர இயலும்.

கற்பிக்கப்படுவன யாவை?

உப்புக் கரைசலில் முட்டையை மிதக்க விட்டு அடர்த்தியை அறிதல், அக்கரைசலில் விதையை இட்டு மிதக்கும் பதரை நீக்குதல், தேறிய விதையை நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசுதல், கதிர் வெளிவரும் பருவத்தில் வயலுள் இறங்கி உயரத்தாலும் நிறத்தாலும் மாறுபட்ட கலவன் பயிரைக் களைதல், விதைக்கென ஒதுக்கிய பகுதியைத் தனியே அறுத்துத் தனிக் களத்தில் அடித்தல், நன்கு காயவைத்து நொச்சி அல்லது வேப்பிலையிட்டுச் சேமித்தல் ஆகியவை இன்றியமையாத பாடங்கள். இவை யாவும் கேட்டு அறிவன அல்ல. கண்டும் செய்தும் அறிவன.

பெயர்களும் பாடங்களே. அறுபதாம் குறுவை வயதைச் சொல்கிறது. உவர்முண்டான் நிலத்தைச் சொல்கிறது. மடுமுழுங்கி வெள்ளத்தைச் சொல்கிறது. காட்டுயானம், யானையும் மறையும் அளவிற்கு உயரும் தன் வளர்ச்சியைச் சொல்கிறது. மாப்பிள்ளைச் சம்பாவோ இளவட்டக்கல் தூக்கிய இளைஞனைப் பற்றிய ஊர்க்கதையைச் சொல்கிறது. எழுத்தறியா உழவர்க்கும் இப்பெயர்கள் நூல்களாகவே அமைந்தன. பெயர் வழக்கொழியின் அந்நூலும் மூடப்படும்.

இருவகைக் கல்வி

இம்மண்ணில் முதியோர்க்கு வேளாண்மை கற்பித்த முயற்சி இது முதலாவது அன்று. 1960-களில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லைத் திருச்சி வானொலி உழவர்களிடம் கொண்டு சேர்த்தது. 'ரேடியோ நெல்' என்றே மக்கள் அதனை அழைத்தனர். உணவுப் பஞ்சம் அச்சுறுத்திய காலத்தில் அம்முயற்சி ஆற்றிய தொண்டினைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியன்று. ஆயினும் அக்கல்வியில் சொல்பவர் ஒருபுறம், கேட்பவர் மறுபுறம். உழவரிடம் முன்பே இருந்த அறிவைக் கேட்டறிவதற்கு அதில் இடமில்லை. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயர், சிலி நாட்டில் இருந்தபோது வேளாண் விரிவாக்கப் பணியைப் பற்றி 1969-இல் எழுதிய நூலில் இக்குறையையே எடுத்துக்காட்டினார். அறிவைக் கொண்டு போய்க் கொட்டுதல் கல்வி ஆகாது. இருபாலாரும் கூடி ஆராய்தலே கல்வி என்பது அவர் கருத்தின் சாரம்.

ஆதிரெங்கத்து முறையில் விதை இருபுறமும் செல்கிறது. அதனோடு அறிவும் இருபுறமும் செல்கிறது. எடுத்துச் சென்றவர் அடுத்த ஆண்டு தம் மண்ணில் அது நின்றதா, சாய்ந்ததா என்னும் செய்தியோடு திரும்புகிறார். மாணவர் ஆசிரியராகிறார்.

எனினும் இங்கும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. விதை பெற்றுச் செல்வோர் நிலம் உடையோர். நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் சொந்த நிலம் இல்லை. வயலில் கலவனை முதலில் காணும் கண் அவர்களுடையதே. முக்கூடற்பள்ளில் நெல்லின் வித்து வகைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைப்பவன் யார்? பண்ணைக்காரன் அல்லன், ஏர் பிடித்து உழைக்கும் பள்ளனே. நிலம் ஒருவரிடமும் அறிவு மற்றொருவரிடமும் இருந்த வரலாற்றை இலக்கியமே பதிவு செய்துள்ளது. அவ்வறிவுடையோர் மேடையேறிக் கற்பிக்கும் நாளில்தான் இக்கல்வி முழுமை பெறும்.

எஞ்சியிருப்பது

நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் மறைந்தார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரணியம் அருகே கரை கடந்து, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தையும் சூறையாடியது. ஏறத்தாழ மூன்று வாரம் கழிந்து, டிசம்பர் 6 அன்று, நோயுற்றிருந்த ஜெயராமன் மறைந்தார். தமிழ்நாடு அரசு 2021-இல் மரபுசார் நெல் வகைகளைக் காக்கும் இயக்கம் ஒன்றை அவர் பெயரால் அறிவித்தது. நெல் திருவிழாவும் தொடர்ந்தது.

ஒருவர் திரட்டிய தொகுப்பு அவரோடு முடிந்துவிடவில்லை. காரணம், அது அவரிடம் மட்டும் இல்லை. ஆயினும் இதனை வெற்றி என்று கூறி அமைதல் இயலாது. பழைய வகைகள் உயர்ந்து வளர்வதால் அடைமழையில் சாய்கின்றன. விளைச்சலும் பலவற்றில் குறைவு. சந்தை கிடைப்பதும் எளிதன்று. கடன்பட்டும் பருவம் தவறிய மேட்டூர் நீரை எதிர்நோக்கியும் வாழும் உழவரிடம், தமிழுக்காக இந்நெல்லை விதையுங்கள் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. உண்பவரும் பங்கேற்றாலன்றி விதைப்பவர் நிலைக்க இயலாது.

கவிஞர்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. நெல்லின் பெயரைப் பாட்டில் வைத்தல் எளிது. நம் முன்னோர் அதனைச் செவ்வனே செய்தனர். அப்பெயருடைய பயிர் எந்த ஊரில், யார் வயலில் நிற்கிறது என்று ஒருமுறையேனும் சென்று கண்டு, நடும் பெண்ணிடம் அதன் குணத்தைக் கேட்டு எழுதுதல் அடுத்த கடமை. பிரகத்தத்தனுக்குக் கபிலர் ஆசிரியராக வாய்த்தார். இன்றைய கவிஞர்க்கு ஆசிரியர்கள் வரப்பின்மேல் இருக்கின்றனர்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம், வரும் ஆண்டுகளில் தன் கூட்டங்களுள் ஒன்றையேனும் விளைந்த வயலின் கரையில் நடத்துமாயின், அது தமிழுக்கும் நெல்லுக்கும் ஒருசேரச் செய்யும் தொண்டாகும்.