காக்கிச் சட்டைக்குள்ளும் ஓர் உடம்பு



நம்ம ஊர்ப் பக்கமிருந்து பட்டணத்துக்குப் போலீஸ் வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். தீபாவளிக்குத் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஜனங்கள் துணி எடுக்கும்போது, அந்த நெரிசலில் காலையிலிருந்து கால் கடுக்க நிற்பவர் அவர்தான். மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவிலும் அப்படியே. நாம் சாமியைப் பார்க்கிறோம். அவர் சாமிக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார்.

நின்றுகொண்டே இருந்தால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். வேளை தப்பிய சாப்பாடும் அரைத் தூக்கமும் இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கூட்டி வரும். பெண் காவலர் கஷ்டம் வெளியே சொல்ல முடியாதது. ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீரே குடிக்கமாட்டார்கள், அப்புறம் நீர்க்கடுப்பு. தமிழ்நாட்டில் பெண்களைப் போலீசில் சேர்த்தது 1973-ல். முதலமைச்சர் போகும் சாலையோரத்தில் அவர்களைக் காவலுக்கு நிறுத்தவேண்டாம் என்ற உத்தரவு வர 2021 ஆயிற்று. காவலர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்ற ஆணையும் அதே வருஷந்தான்.

அதற்கு முன்னே, 2018-ல், பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிலையத்தின் துணையோடு காவலர் நலவாழ்வுப் பயிற்சி ஆரம்பித்தார்கள். அதில் குடும்பத்தாருக்கும் இடம் கொடுத்தார்களே, அதுதான் கெட்டிக்காரத்தனம். எரிச்சலும் குடியும் முதலில் தெரிவது மேலதிகாரிக்கா, மனைவிக்கா? "நாலு நாளா இவரு தூங்கல, யார்கிட்டயும் பேசல" என்று கண்டுபிடிப்பவள் அவள்தானே! அடையாறு இந்திரா நகரிலுள்ள டி.டி.கே. குடிநோய் மருத்துவமனையிலும் குடிப்பவரோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு.

"நாங்க போலீஸ் இல்லையே" என்பீர்கள். ராத்திரி கரெண்டு வந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கும், சூளையில் வேகிறவருக்கும் உடம்பு ஒன்றுதான். வீட்டில் ஒருவர், "இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னால் விளையாட்டாக விடாதீர்கள். தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இரத்தக் கொதிப்பு வலிக்காது, காட்டிக் கொடுக்காது. 30 வயது தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பப் பார்த்தும் 140/90-க்கு மேலிருந்தால் மருத்துவம் வேண்டும். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

இன்னொன்று. கணவருக்குப் பார்க்கும்போது அதே பட்டையை மனைவி கையிலும் கட்டச் சொல்லுங்கள். "நான் சும்மா கூட வந்தேன்" என்று, அம்மா, நீங்கள் வெளியே நிற்கவேண்டாம்.