உயிர் காத்த படம்



பூமிக்கு அடியில், வெகு ஆழத்தில், சில இடங்களில் பாறை உருகிக் குழம்பாகிறது. அது வெளியே வரும் வாய்தான் எரிமலை.

பிரான்சு நாட்டைச் சேர்ந்தவர் மோரீஸ் கிராஃப்ட். மண்ணையும் பாறையையும் ஆராய்ந்தவர். அவர் மனைவி காத்யாவும் விஞ்ஞானி. எரிமலை வெடித்தால் எல்லோரும் ஓடுவார்கள். இவர்களோ அதைத் தேடிப் போவார்கள். ஹவாய், இந்தோனேசியா என்று பல தீவுகளுக்குப் போய்ப் படம் எடுத்தார்கள்.

1985-இல் கொலம்பியா நாட்டில் ஓர் எரிமலை வெடித்தது. உச்சியில் இருந்த பனி உருகியது. சேறு வெள்ளமாக வந்து ஊரை மூடியது. சுமார் 23,000 பேர் மாண்டார்கள். விஞ்ஞானிகள் முன்பே எச்சரித்திருந்தார்கள். மக்களுக்குப் புரியும்படி அது போய்ச் சேரவில்லை.

பிறகு கிராஃப்ட் தம்பதியர் ஒரு படம் தயாரித்தார்கள். சேறு எப்படி வரும், சுடுசாம்பல் எவ்வளவு வேகமாகப் பாயும் என்று காட்டினார்கள். படிக்காதவர்க்கும் அது புரியும்.

1991-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில் பினாதுபோ மலை புகைந்தது. அதன் சரிவில் ஏத்தா பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். அது தங்கள் தெய்வம் குடியிருக்கும் மலை என்பது அவர்கள் நம்பிக்கை. பல நூறு ஆண்டுகளாக அது வெடித்ததில்லை. அதிகாரிகளிலும் பலர் ஆபத்தை நம்பவில்லை. அப்போது அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஆபத்து புரிந்தது. பல்லாயிரம் பேர் வெளியேறினார்கள்.

ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில் சுடுசாம்பல் பாய்ந்தது. கிராஃப்ட் தம்பதியர் அதில் சிக்கி இறந்தார்கள். 12 நாள் கழித்து பினாதுபோ வெடித்தது. சாம்பல் பாரத்தால் கூரைகள் இடிந்து பலர் இறந்தார்கள். ஆனாலும் முன்பே வெளியேறிய ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள்.

நமக்கும் புயல், வெள்ள எச்சரிக்கை வருகிறது. காதில் விழுந்தால் மட்டும் போதுமா? புரியவில்லை என்றால், புரியும்வரை கேளுங்கள். புரிந்தவர்கள் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.