கதையை எங்கிருந்து சொல்வது?



புனைகதையின் அடிப்படைக் கூறுகளை ஆராயும் இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. கரு, பாத்திரம், களம், நடை, முடிவு என்று அமர்வுகளைப் பகுத்திருக்கிறார்கள். வகுப்பறைக்கு இந்தப் பகுப்பு வசதியானது. எழுத உட்காருகிறவரோ இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும்: இந்தக் கதையை எங்கிருந்து சொல்வது? அது சரியாக அமைந்தால் மற்றவை தாமாக வந்து சேரும் என்பது என் கருத்து. மூன்று கதைகளைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' நீங்கள் அறிந்த கதை. 1884இல் வந்த தாகூரின் 'காட்டேர் கதா'வில் ஆற்றுப் படித்துறை கதை சொல்கிறது. ஐயர் அதைத் தழுவினார் என்ற வாதம் நெடுநாளாக உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. மரத்தைப் பேசவைத்து ஐயர் சாதித்தது என்ன? இரண்டாம் கல்யாணத்துக்குச் சம்மதித்ததுபோல் நடித்துப் பெற்றோரை ஏமாற்ற ருக்மிணியின் கணவன் நாகராஜன் போடும் திட்டம் மரத்தடியில் பேசப்படுகிறது. மரம் கேட்டுவிடுகிறது, ருக்மிணிக்குத் தெரியாது. அவள் குளத்தில் உயிரை விடுகிறாள். ஊர்க்காரர் ஒருவர் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால், "நீர் ஏன் அவளிடம் சொல்லவில்லை?" என்று கேட்டிருப்போம். மரத்திடம் அப்படிக் கேட்க முடியாது. எல்லாம் தெரிந்தும் தடுக்க முடியாத அதன் நிலைதான் வாசகரின் நிலையும்.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' தொடங்கும்போதே அவள் இறந்துவிடுகிறாள். பிழைப்பாளா மாட்டாளா என்ற பதைப்புக்கு அங்கே இடமில்லை. துணிக்கடையில் உழைக்கும் கணவர் பிரமநாயகம் பிள்ளை அவளுக்குச் செய்த ஒவ்வொரு பணிவிடையையும் முடிவு தெரிந்தே படிக்கிறோம். கடைசி வரியில் திடுக்கிட வைப்பதுதான் சிறுகதை என்று நம்புகிறவர்கள் இதை மறுபடி படிக்க வேண்டும்.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்', பிள்ளைகளோடு பிள்ளையாக நின்று சொல்லப்படுகிறது. என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா என்ற போட்டியில் ஆரம்பிக்கிறது. தீபாவளிக்கென்று தாயம்மாள் கணவனுக்காக வைத்திருந்த துண்டு, ஆதரவற்ற சிறுவன் ராஜாவுக்குப் போகிறது. வறுமையைப் பற்றி ஆசிரியர் தனியே பேச வேண்டியதில்லை. அந்தத் துண்டு போதும். கடைசியில் தாயம்மாளின் மகள் மங்கம்மாள் பெருமையடிப்பதும் அதே விளையாட்டுப் போட்டிதான். அன்பைப் பற்றிய உபதேசமாக அது மாறிவிடவில்லை. பெரியவர் ஒருவரின் பார்வையில் சொல்லியிருந்தால் மாறியிருக்கும்.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: இலக்கணம் சொல்வதோடு நிற்காதீர்கள். ஒரு கதையை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் வேறோர் இடத்தில் நின்றிருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்று காட்டுங்கள். இளம் எழுத்தாளர்களுக்கும் ஒரு வார்த்தை: எழுதி முடித்த கதையை இன்னொரு பாத்திரத்தின் வாயிலாகத் திரும்ப எழுதிப் பாருங்கள். எந்த வடிவத்தில் விளக்கம் குறைவாகத் தேவைப்படுகிறதோ, அதையே இதழுக்கு அனுப்புங்கள்.

இந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.